பழைய துப்பாக்கியின் சிறு பாகங்களுக்கு நிக்கல் முலாம்: பிரிப்பது முதல் மாட்டுவது வரை

பழைய துப்பாக்கியைப் புதுப்பிக்கும்போது திருகாணித் தலைகள், விசைக் காப்பு (டிரிகரைச் சுற்றிய வளையம்), பக்கத் தகடு, கைப்பிடியின் அடித்தகடு போன்ற சின்னச் சின்ன பாகங்களில் நிக்கல் உரிந்து துரு தெரியும். அவற்றுக்கு வீட்டுப் பட்டறையிலேயே முலாம் பூசிவிடலாம். மின்சாரமும் கரைசலும் அதில் எளிய பகுதிதான். முலாம் உரிந்தால் பத்தில் ஒன்பது முறை காரணம் பாகத்தைக் கரைசல் தொட்டியில் இறக்கும் முன் நடந்த வேலையில் இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் முன்வேலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. தொடங்கும் முன் தீர்க்க வேண்டியவை

துப்பாக்கி சட்டப்படி உங்களுடையதுதானா, அதைப் பிரித்து வேலை செய்ய உங்களுக்கு உரிமம் வேண்டுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பழம்பொருள் என்று எதைச் சொல்லலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

சீரியல் எண், சோதனை முத்திரை (அழுத்தச் சோதனையில் தேறியதற்கான குறி), தயாரிப்பாளர் குறி ஆகியவை உள்ள பரப்பைத் தேய்க்கவே கூடாது. எண்ணை அழிப்பது பெரும்பாலான நாடுகளில் தனிக் குற்றம். முத்திரை மங்கினால் சேகரிப்பாளரிடம் அந்தப் பொருளின் மதிப்பும் போய்விடும். எண் உள்ள பாகம் என்றால் முலாம் வேண்டாம் என்று விட்டுவிடுவதே நல்லது.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். தேய்ந்துபோயிருந்தாலும் அசல் பூச்சு, புதுப் பூச்சைவிட மதிப்புள்ளதாக இருக்கலாம். ஒருமுறை தேய்த்துவிட்டால் அது திரும்ப வராது. அபூர்வமான துப்பாக்கி என்றால் விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

குண்டு இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகாணிகளை எந்தத் துளையிலிருந்து எடுத்தீர்களோ அந்த வரிசையிலேயே ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு திருகாணிகள் நீளத்தில் அரை மில்லிமீட்டர் வேறுபடலாம்.

2. எதற்கு முலாம் பூசக் கூடாது

அவசரப்படுபவர்கள் தாண்டிப் போகிற இடம் இதுதான். மொத்த வழிகாட்டியிலும் ஆபத்தான தவறு இங்கேதான் நடக்கிறது.

ஸ்பிரிங், ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தும் ஊசி), சுத்தியை (விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கும் பாகம்) பிடித்து நிறுத்தும் கொக்கி, குண்டு அறை, பூட்டும் பாகங்கள், அழுத்தம் தாங்கும் எந்தப் பாகமும் வீட்டுத் தொட்டிக்குள் போகக் கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று ஹைட்ரஜன். அமிலத்தில் நனைக்கும்போதும் முலாம் பூசும்போதும் எஃகுக்குள் ஹைட்ரஜன் நுழையும். மென்மையான எஃகுக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. கடினப்படுத்திய எஃகு அதனால் நொறுங்கும் தன்மையடைந்து, வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல், பல நாள் கழித்துச் சுமை ஏறும்போது சட்டென்று முறியும். தொழிற்சாலைகளில் முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் பாகத்தை 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் குறைந்தது 3 மணி நேரம் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். உங்கள் பாகம் எந்த வெப்பநிலையில் பதப்படுத்தப்பட்டது என்று தெரியாமல் அந்தச் சூட்டைக் கொடுத்தால் கடினத்தன்மை குறைந்துவிடலாம். அதனால் கடினமான பாகங்களைத் தொடாமல் விடுவதுதான் சரி. பாகத்தின் கண்ணில் படாத மூலையில் கூரான அரத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் அது கடின எஃகு. ஒதுக்கி வையுங்கள்.

இரண்டாவது காரணம் அளவு. விசையும் சுத்தியும் ஒன்றையொன்று பிடிக்கும் முனைகளில் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஏறினாலும் பிடிமானம் மாறும். தானாகச் சுத்தி விழும் துப்பாக்கி யாருக்கும் வேண்டாம். விசைக்கு வெளித்தோற்றத்துக்காக முலாம் வேண்டுமென்றால் அதை முலாம் பட்டறையிடமும் துப்பாக்கித் தச்சரிடமும் விடுங்கள்.

துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களும் இந்தப் பட்டியலில் சேரும். அமிலத்தன்மையுள்ள நிக்கல் கரைசல் அவற்றை அரித்துவிடும். காந்தம் ஒட்டாமல், சாம்பல் நிறத்தில், கைக்கு எடை குறைவாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பித்தளைப் பாகத்தில் நிக்கல் நன்றாகவே ஏறும்.

3. தேவையான பொருட்கள்

- வோல்ட்டையும் ஆம்பியரையும் தனித்தனியாக அமைக்கக்கூடிய டிசி பவர் சப்ளை. சிறு பாகங்களுக்கு 3 ஆம்பியர் வரை போதும். பழைய போன் சார்ஜரில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாது.
- சுத்தமான நிக்கல் தகடு இரண்டு. அவை நேர்முனையாக நிற்கும். இரண்டின் மொத்தப் பரப்பு, பாகத்தின் பரப்பைவிடப் பெரிதாக இருக்கட்டும். தகட்டைச் சுற்றிப் பாலிபுரொப்பிலீன் துணிப்பை கட்டினால் உதிரும் துகள் கரைசலில் கலக்காது.
- 1 அல்லது 2 லிட்டர் கண்ணாடிப் பாத்திரம், சூடேற்ற வழி, வெப்பமானி, அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் தாள், கிராம் தராசு.
- காய்ச்சி வடித்த நீர். குழாய் நீரில் உள்ள சுண்ணாம்பும் இரும்பும் பூச்சைச் சொரசொரப்பாக்கும்.
- நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காற்றோட்டமுள்ள இடம்.

துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியையோ தகட்டையோ நேர்முனையாகப் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள குரோமியம் கரைசலில் கலந்து, புற்றுநோய் உண்டாக்கும் அறுமதிப்பு குரோமியமாக மாறக்கூடும். அந்தக் காரணத்துக்காகவே வீட்டில் குரோம் முலாம் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

நிக்கல் உப்புகளும் சாதாரணமானவை அல்ல. தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். ஒருமுறை வந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுக்க இருக்கும். தூளையோ ஆவித்துளியையோ மூச்சில் இழுப்பது இன்னும் மோசம். தூளை எடை போடும்போது காற்றடிக்கும் மின்விசிறியை நிறுத்திவிட்டு முகக்கவசம் அணியுங்கள். சமையலறையை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். இந்தப் பாத்திரங்கள் திரும்பச் சமையலுக்குப் போகவும் கூடாது.

4. கரைசல் தயாரிப்பு

வாட்ஸ் கரைசல் என்று அறியப்படும் கலவைதான் நம்பகமானது. 1 லிட்டருக்கு நிக்கல் சல்பேட் 250 கிராம், நிக்கல் குளோரைடு 45 கிராம், போரிக் அமிலம் 35 கிராம். சல்பேட்தான் நிக்கலின் இருப்பு. குளோரைடு இல்லாவிட்டால் நேர்முனைத் தகடு கரையாமல் அடம்பிடிக்கும். போரிக் அமிலம், பாகத்தின் மேற்பரப்பில் பிஎச் ஏறாமல் பிடித்துவைக்கும்.

முதலில் 700 மில்லி நீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி போரிக் அமிலத்தைக் கரையுங்கள். அது குளிர்ந்த நீரில் மெதுவாகத்தான் கரையும். அப்புறம் மற்ற இரண்டையும் சேர்த்து, 1 லிட்டர் வரும்வரை நீர் ஊற்றி, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள். பிஎச் 3.8 முதல் 4.2 வரை இருக்க வேண்டும். ஏறியிருந்தால் நீர்த்த கந்தக அமிலத்தைத் துளித்துளியாக விடுங்கள். இறங்கியிருந்தால் நிக்கல் கார்பனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கரைத்து, வடிகட்டுங்கள்.

புதுக் கரைசலில் உடனே நல்ல பாகத்தை இறக்காதீர்கள். நெளிநெளியாக மடித்த ஒரு எஃகுத் தகட்டை எதிர்முனையில் மாட்டி, சதுர டிசிமீட்டருக்கு (10 செ.மீ. பக்கமுள்ள சதுரப் பரப்புக்கு) 0.3 ஆம்பியர் அளவில் சில மணி நேரம் ஓட்டுங்கள். உப்புகளோடு வந்த தாமிரமும் துத்தநாகமும் இந்தக் குறைந்த மின்னோட்டத்தில் அந்தத் தகட்டில் படிந்துவிடும். தகட்டின் பள்ளங்களில் கருமை நின்று வெளிர்சாம்பல் நிறம் வந்தால் கரைசல் தயார்.

5. பழைய பூச்சை எடுத்துத் தேய்ப்பது

முலாம் கீறலை மறைக்காது. 10 மைக்ரான் நிக்கலுக்கு அடியில் இருக்கும் உப்புத்தாள் கோடு, பூச்சுக்குப் பிறகு இன்னும் எடுப்பாகத் தெரியும். பூசிய பின் எப்படித் தெரிய வேண்டுமோ, எஃகு இப்போதே அப்படித் தெரிய வேண்டும்.

ஆங்காங்கே பெயர்ந்த பழைய நிக்கல் மேல் புது நிக்கல் போட்டால் பழையதோடு சேர்ந்து புதியதும் பெயரும். அதனால் பழையதை முழுக்க எடுக்க வேண்டும். சிறு பாகத்தில் 320 உப்புத்தாளால் பொறுமையாக எடுத்துவிடலாம். வேதிப்பொருளில் உரிப்பதைப் பட்டறைக்காரர்களிடம் விடுங்கள். கவனம் தவறினால் அடியிலுள்ள எஃகு குழிகுழியாகிவிடும்.

அடுத்து 400, 600, 800 என்று படிப்படியாகப் போங்கள். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையைக் குறுக்காக மாற்றினால் முந்தைய தாளின் கோடு முழுக்கப் போனதா என்பது கண்ணுக்குத் தெரியும். தட்டையான பரப்பில் தாளைக் கட்டையில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விளிம்பு மழுங்கி, துளையின் வாய் குழியும். மெருகுச் சக்கரத்தை அதிகம் அழுத்தினாலும் இதே கதிதான். மழுங்கிய விளிம்புதான் ஒரு புதுப்பித்தலைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும்.

6. கம்பி கட்டுவதும் மறைப்பதும்

தாமிரக் கம்பி பாகத்தை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். தளர்ந்தால் தொடர்பு விட்டுவிட்டு வரும், பூச்சு அடுக்கடுக்காகப் பிரியும். கம்பி தொடும் இடத்தில் தழும்பு விழும். அதனால் மாட்டியபின் மறைந்துவிடும் இடமாகப் பாருங்கள். திருகாணிக்கு மரையின் (திருகு வரியின்) நுனியில் கம்பியைச் சுற்றுவது வசதி.

மரையில் முலாம் ஏறவிடக் கூடாது. 60 டிகிரி மரையில் பூச்சின் தடிமனைப்போல் 4 மடங்கு விட்டம் கூடும். 10 மைக்ரான் பூசினால் 0.04 மில்லிமீட்டர். பழைய, இறுக்கமான துளைக்குள் அந்தத் திருகாணி போகாது. வற்புறுத்தித் திருப்பினால் தலை உடையும்.

முலாம் ஏறக் கூடாத இடங்களை மறைப்பதற்கு முலாம் பட்டறைகளில் விற்கும் அரக்கு சிறந்தது. நெயில் பாலிஷும் வேலை செய்யும். அசிட்டோனில் பாகத்தை நன்றாகக் கழுவிய பிறகு இரண்டு பூச்சு கொடுத்து, ஒரு இரவு காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் பூசிய நெயில் பாலிஷ் வெதுவெதுப்பான கரைசலில் தோல்போல் கழன்று மிதக்கும். துளைகளையும் அச்சு உரசும் பரப்புகளையும் இதே போல் மூடிவிடுங்கள்.

7. சுத்தம் செய்வது: நடுவில் நிறுத்த முடியாத கட்டம்

இங்கிருந்து முலாம் முடியும்வரை பாகம் காயக் கூடாது, கைபடக் கூடாது. அதனால் எல்லாக் கிண்ணங்களையும் வரிசையாக வைத்து, முலாம் கரைசலையும் 50 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே தொடங்குங்கள். புதியவர்கள் பாகத்தைக் கழுவி வைத்துவிட்டுக் கரைசல் சூடாகட்டும் என்று காத்திருப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் வந்துவிடும்.

முதலில் மின்சுத்தம். 1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் சலவைச் சோடாவைக் கரையுங்கள். பாகத்தை நேர்முனையிலும் சாதாரண இரும்புத் தகட்டை எதிர்முனையிலும் மாட்டி, 6 வோல்ட் அளவில் ஒரு நிமிடம் விடுங்கள். பாகத்தின் மேல் கிளம்பும் குமிழிகள் துளைக்குள் ஒளிந்திருக்கும் பிசுக்கையும் தள்ளிவிடும். பாகத்தை எதிர்முனையில் மாட்டினால் குமிழி அதிகம் வரும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே வருவது ஹைட்ரஜன், அது எஃகுக்குள் புகும். இந்தக் கிண்ணத்தில் சாப்பாட்டு உப்பைச் சேர்க்காதீர்கள், பாகம் அரித்துப்போகும். பக்கத்தில் நெருப்பும் கூடாது.

எடுத்ததும் காய்ச்சி வடித்த நீரில் அலசி, சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக நிற்க வேண்டும். எங்கேயாவது விலகித் திட்டாகவோ முத்தாகவோ நின்றால் அங்கே பிசுக்கு இருக்கிறது. மறுபடி சுத்தம் செய்யுங்கள். இந்தச் சோதனையில் தேறாத பாகத்தை ஒருபோதும் அடுத்த கிண்ணத்துக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்தது அமிலம். 9 பங்கு நீரில் 1 பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். எப்போதும் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். இதில் 10 முதல் 20 விநாடிகள் போதும். ஆக்சைடு படலம் கரைந்து, நிக்கல் நேராக எஃகில் ஒட்டும். அதிக நேரம் விட்டால் கரிய மசி படியும். படிந்தால் பஞ்சால் துடைத்து, மின்சுத்தத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அமிலத்துக்குப் பின் இரண்டு கிண்ணங்களில் வேகமாக அலசிவிட்டு நேராகத் தொட்டிக்குப் போங்கள்.

இந்த இடத்தில் சிலர் அடிப்பூச்சாக இருக்கட்டும் என்று தாமிர சல்பேட் கரைசலில் பாகத்தை நனைப்பார்கள். நொடியில் செம்பு நிறம் வருவதைப் பார்த்து மகிழ்ந்துபோவார்கள். அது மின்சாரமே இல்லாமல் எஃகின் மேல் படியும் தளர்ந்த செம்பு, விரல் நகத்தாலேயே சுரண்டலாம். அதன் மேல் போடும் எதுவும் நிற்காது. சாதாரண எஃகுக்கு நிக்கலை நேரடியாகவே பூசலாம்.

8. தொட்டியில்

மின்னோட்டத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வையுங்கள். 5 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ள ஒரு தகட்டின் இரு பக்கமும் சேர்ந்து 20 சதுர செ.மீ., அதாவது 0.2 சதுர டிசிமீட்டர். சதுர டிசிமீட்டருக்கு 2 ஆம்பியர் வீதம் 0.4 ஆம்பியர். கரைசலுக்குள் இருக்கும் கம்பியின் பரப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளையை ஆம்பியரில் கட்டுப்படுத்துங்கள், வோல்ட் தானாக அமையும். வழக்கமாக அது 2 முதல் 4 வோல்ட்டுக்குள் நிற்கும்.

சதுர டிசிமீட்டருக்கு 1 ஆம்பியர் வீதத்தில் மணிக்கு ஏறத்தாழ 12 மைக்ரான் ஏறும். 2 ஆம்பியர் என்றால் அரை மணி நேரத்தில் 11, 12 மைக்ரான். அலங்காரப் பாகத்துக்கு இது தாராளம். கூடுதல் தடிமன் விளிம்புகளில்தான் குவியும்.

இரு தகடுகளையும் பாகத்துக்கு இருபுறமும் சம தூரத்தில், 8 முதல் 10 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். மின்சாரத்தை இயக்கிவிட்டு, எதிர்முனைக் கம்பியோடு இணைத்த பாகத்தைக் கரைசலுக்குள் இறக்குங்கள். நனைந்த முதல் கணத்திலேயே படிவு தொடங்கினால்தான் ஒட்டுதல் உறுதியாக இருக்கும்.

கரைசல் மெல்ல அசைந்துகொண்டே இருக்கட்டும். அசையாத கரைசலில் ஹைட்ரஜன் குமிழி பாகத்தில் ஒட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் ஊசிக்குழி விழும். விளிம்பும் கூர்முனையும் மின்னோட்டத்தை அதிகம் இழுக்கும். அவற்றுக்கு ஒரு விரற்கடை தள்ளி, எதிர்முனையோடு இணைத்த ஒரு வெறும் கம்பியை வளைத்து வைத்தால் அதிகப்படியானதை அது வாங்கிக்கொள்ளும். திருகாணித் தலையின் வெட்டுக்குள் பூச்சு எப்போதும் மெலிதாகத்தான் ஏறும். அதற்காக மின்னோட்டத்தை ஏற்றினால் வெட்டின் உதடுகள் கருகும்.

எப்படி வருகிறது பார்ப்போம் என்று நடுவில் வெளியே எடுக்காதீர்கள். நிக்கல் காற்றுபட்டதும் தன்மேல் ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். திரும்பப் போட்டால் இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கில் ஒட்டாது. மின்சாரம் நின்றுபோனாலும் இதே நிலைதான். அப்படி நேர்ந்தால் அலசி, அமிலக் கிண்ணத்தில் மறுபடி நனைத்து அலசிய பின்னரே தொடருங்கள்.

திருகாணி தொட்டிக்குள் விழுந்தால் காந்தத்தால் உடனே எடுத்துவிடுங்கள். கரையும் இரும்பு அடுத்தடுத்த பாகங்களைச் சொரசொரப்பாக்கும்.

9. பூச்சைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிப்பது

விளிம்பு கருகிச் சொரசொரப்பாக இருந்தால் மின்னோட்டம் அதிகம், அல்லது கரைசல் ஆறிவிட்டது. முதலில் வெப்பமானியைப் பாருங்கள்.

பள்ளங்களில் மட்டும் கருமை என்றால் தாமிரம் கலந்திருக்கிறது. தாமிரக் கொக்கியைக் கரைசலில் ஊறவிட்டதால் வந்திருக்கும். நெளித்தகட்டை மறுபடி ஓட்டுங்கள்.

எங்கும் புள்ளிக்குழிகள் என்றால் அசைவு போதவில்லை, அல்லது கரைசலில் துகள் மிதக்கிறது. வடிகட்டுங்கள். பூச்சு நொறுங்கினால் பிஎச்சைச் சோதியுங்கள். பயன்படுத்தப் பயன்படுத்த அது தானாக மேலே ஏறும், 5-ஐத் தாண்டவிடக் கூடாது.

தாள்போல் உரிந்தால் கரைசலைச் சந்தேகிக்காதீர்கள். 7-ஆம் கட்டத்துக்குத் திரும்புங்கள்.

முதல் முறை தொட்டியை இயக்கும்போது துப்பாக்கிப் பாகத்துக்குப் பதிலாக அதே போல் தேய்த்த ஒரு வெறும் எஃகுப் பட்டையைப் பூசுங்கள். அதைக் குறட்டில் பிடித்து 180 டிகிரி மடக்குங்கள். மடிப்பில் விரிசல் வரலாம், செதில் எழும்பக் கூடாது. இந்தப் பட்டை தேறிய நாளில்தான் உண்மையான பாகத்தை இறக்க வேண்டும்.

10. மெருகும் மாட்டுவதும்

எடுத்த பாகத்தை இரண்டு முறை அலசி, வெந்நீரில் நனைத்து, துடைத்துக் காயவையுங்கள். மறைப்பை அசிட்டோனால் நீக்குங்கள். மரையிலும் துளையிலும் ஈரம் தங்கினால் முலாம் இல்லாத அந்த இடங்களில் மறுநாளே துரு பூக்கும். உடனே எண்ணெய் விடுங்கள்.

இந்தக் கரைசலிலிருந்து வரும் நிக்கல் சற்று மங்கலாக, வெண்சாம்பலாக இருக்கும். பளபளப்பூட்டி சேர்க்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். மென்துணியில் மெல்லிய மெருகுப் பசை வைத்துக் கையால் தேய்த்தால் லேசான மஞ்சள் சாயலோடு மினுக்கம் எழும்பும். பழைய துப்பாக்கிக்குப் பொருந்துவது அதுதான். மெருகுச் சக்கரம் வேண்டாம், 10 மைக்ரானை விளிம்பில் நொடியில் தின்றுவிடும்.

மாட்டும்போது அளவாகத் தேய்த்த, வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்துங்கள். திருகாணியைக் கையால் திருப்பிப் போகும்வரை போகட்டும், கருவியை அதற்குப் பிறகு எடுங்கள். எல்லாம் மாட்டியதும் குண்டு இல்லாமல் இயக்கத்தைச் சோதியுங்கள். துப்பாக்கியைச் சுடப் பயன்படுத்துவதாக இருந்தால், தகுதியுள்ள துப்பாக்கித் தச்சர் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

பராமரிப்பில் ஒரு எச்சரிக்கை. குழலில் படிந்த செம்பை நீக்கும் அம்மோனியா கலந்த திரவங்கள் நிக்கல் பூசிய பாகங்களில் படக் கூடாது. அதே துப்பாக்கியில் தொழிற்சாலையில் பூசிய அசல் நிக்கல் மீதமிருந்து, அதற்கடியில் செம்பு இருந்தால், சின்ன விரிசல் வழியாக இறங்கி அந்தச் செம்பைக் கரைத்து நிக்கலைத் தூக்கிவிடும்.

11. மிச்சக் கரைசல்

கரைசலை மூடிய புட்டியில், பெயரும் தேதியும் எழுதி, குழந்தைகள் எட்டாத இடத்தில் வைத்தால் நீண்ட காலம் வரும். குளிரில் போரிக் அமிலம் படிகமாக அடியில் நிற்கும், சூடாக்கினால் கரைந்துவிடும்.

தூக்கி எறிய வேண்டிய கரைசலையும் பச்சை நிறமேறிய அலசு நீரையும் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. நீரில் வாழும் உயிர்களுக்கு நிக்கல் நஞ்சு. அலசு நீரில் சலவைச் சோடாவை நுரை அடங்கும்வரை சிறிது சிறிதாகச் சேர்த்து, பிஎச் 9-க்கு மேல் கொண்டுபோனால் நிக்கல் வெளிர்பச்சை வண்டலாக அடியில் இறங்கும். அந்த வண்டல், மேலே தெளிந்த நீர், பழைய கரைசல் மூன்றையும் தனித்தனிக் கொள்கலன்களில் அடைத்து, உங்கள் பகுதியில் அபாயக் கழிவு வாங்கும் மையத்திடம் கொடுத்துவிடுங்கள். துடைத்த பஞ்சும் வடிகட்டிய தாளும் அந்தக் கொள்கலனோடு சேர்ந்தே போகட்டும்.